பதினெட்டாம் சீட்டின் லோடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் படித்து முடித்துவிட்டு, "நல்லா ஜோடிச்சிருக்கா" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஜோடித்துக்கொண்டு உட்கார எனக்கு நேரம் கிடையாது. நான் எஞ்சினியரிங் படித்தவள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. இதையும் அளந்துதான் பார்த்தேன். அந்த அளவு என் கண் முன்னால் ஸ்கிரீனில் ஏறிக்கொண்டே போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடு ராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசம் எல்லாம் இதில் வராது. தீபாவளி முடிந்த நாலாம் நாள், பகல் வெளிச்சத்தில் நடந்தது.

என் பெயர் நாகஜோதி. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நான் மூன்றாவது படிக்கும்போது திருப்பூருக்குப் பிழைக்க வந்து, வீரபாண்டியில் லைன் வீடு பிடித்தோம். அப்பா காசிமாயன் சாயப்பட்டறைக்குப் போனார். அம்மா ஒச்சம்மாள் அவிநாசிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நாலாவது லைன், பதினேழாவது சீட். வந்த நாளிலிருந்து அதே சீட்.

அந்தத் தையல் லைனில் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தையல் ஹாலில் எல்லா மிஷினும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. ஆனால் மிஷின்கள் நிற்பது ஒரே நீள டேபிளில். ஒரு முனையில் தட்டினால் மறு முனையில் கைக்குத் தெரியும். ஒருத்திக்குத் தைக்க வேண்டிய துணிப் பண்டல் குவிந்து மூச்சு முட்டினால், நூல் வெட்டுகிற ட்ரிம்மரால் டேபிளில் ரெண்டு தட்டு. டக் டக். பக்கத்து சீட்டுக்காரிக்குக் கை காலியாக இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு. டக். தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். பண்டல் கை மாறிவிடும். ஒரு தட்டு தட்டிவிட்டால் அந்த வேலை உன்னுடையது. திருப்பித் தரக் கூடாது. பதில் வராவிட்டால் மறுபடியும் ரெண்டு தட்டு.

பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய் அந்த டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். அந்தத் தட்டு என் மண்டைக்குள் இறங்கியிருக்கிறது. யோசிக்கும் முன்னால் கை பதில் சொல்லிவிடும்.

படித்து முடித்து நெட்வொர்க் போட்டுக்கொடுக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அம்மா வேலை செய்யும் அதே பனியன் கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய ஆர்டர். அவர்களுக்கு மூன்று யூனிட். வீரபாண்டியில் சாயப்பட்டறை, அவிநாசிபாளையத்தில் தையல், காங்கேயம் ரோட்டில் பேக்கிங் குடோன். தையல் யூனிட்டில் மிஷினுக்கு ஒரு டேப், சின்னத் தொடுதிரை. ஒரு பீஸ் தைத்து முடித்ததும் டெய்லர் அதைத் தொட வேண்டும். ஆபீசில் எண்ணிக்கை ஏறும்.

முன்பெல்லாம் எந்தத் தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ஒவ்வொரு ஸ்விட்ச்சும், அதாவது கேபிள்களைச் சேர்க்கிற பெட்டியும், தானே முடிவு செய்யும். இப்போது ஸ்விட்ச் வெறும் கை. மூளை தனியாக இருக்கிறது. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். ஸ்விட்ச்சுக்குப் புரியாதது வந்தால் கன்ட்ரோலரைக் கேட்கும்: 'இதை எங்கே அனுப்ப?' அந்தக் கேள்விகள்தான் கன்ட்ரோலருக்கு லோடு. மூன்று யூனிட்டை ஒரு மூளை தாங்காது. அதனால் யூனிட்டுக்கு ஒன்றாக மூன்று வைத்தோம்.

சிக்கலே அங்கேதான். ஷிப்மென்ட் நேரத்தில் அவிநாசிபாளையம் மூச்சுத் திணறும். காங்கேயம் ரோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். திணறுகிறதிடமிருந்து ஒரு ஸ்விட்ச்சை எடுத்து, சும்மா இருக்கிறதிடம் கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது, யாரிடம், எப்போது? தப்பாகக் கொடுத்தால் வாங்கினது திணறி, உடனே திருப்பித் தள்ளும். பந்து விளையாட்டாகிவிடும்.

அந்த விதியை எழுதியது நான். எங்கள் டீம் லீடு சசிகுமார் பெயரில் மெயில் போனது, அது எப்போதும் நடப்பதுதான். அம்மாவின் லைன் வழக்கத்தையே அப்படியே எழுதினேன். தாங்க முடியாத கன்ட்ரோலர் ரெண்டு தடவை கேட்கும். யார் முதலில் பதில் சொல்கிறதோ, ஸ்விட்ச் அதனிடம் போகும். வாங்கியது திருப்பித் தரக் கூடாது. பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும். பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க ஜோதி, இதென்ன கம்ப்யூட்டர் கோடா, இல்ல உடுக்கைப் பாட்டுங்களா?" என்று ஆபீசில் பக்கத்து சீட் மோகன்ராஜ் கேட்டான். "ரெண்டு தட்டு, ஒரு தட்டுன்னு போயிட்டே இருக்குது."

"நீங்க ஒரு தட்டாவது தட்டியிருந்தா நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை" என்றேன்.

தீபாவளி லீவில் சோதனை வைத்தார்கள். திருப்பூரே காலியாக இருக்கிற நாட்கள் அவைதான். தென்மாவட்டக்காரர்கள், வடக்கத்திக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். மூன்று யூனிட்டும் பூட்டு. லோடு பூஜ்யம். நாமே செயற்கையாக லோடு ஏற்றி, சரியாகக் கை மாறுகிறதா என்று பார்க்கலாம். சசிகுமார் கோவா போனார். மோகன்ராஜ் மாமனார் வீட்டுக்குப் போனான். "நீ ஃபாஸ்ட்டா முடிச்சிருவ" என்று என்னை நிறுத்திவிட்டார்கள். வேகமாகச் செய்கிறவளுக்குக் கிடைக்கிற பரிசு இன்னும் கொஞ்சம் வேலை.

ஒத்துக்கொண்டேன். காரணம் அம்மா.

அம்மாவின் வலது மணிக்கட்டு ஒரு வருஷமாக வீங்கியிருந்தது. டாக்டர் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அம்மா கேட்கவில்லை. அது மட்டுமில்லை. லைனில் எல்லாரும் சாயங்காலம் ஐந்தரைக்குச் சீட்டை விட்டு எழுந்துவிடுவார்கள். அம்மா மட்டும் இரண்டு வருஷமாகத் தினமும் அரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வருவாள். கம்பெனி வேனை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். ஓவர்டைமும் கிடையாது.

"எவனுக்கும்மா ஓசியில தைக்கற?"

"கொஞ்சம் வேலை மிச்சம் இருந்துச்சுத்தா."

"யாரு வேலை?"

அதைக் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்தச் சோதனை சரியாக முடிந்தால் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்புறம் அம்மாவுக்குச் சாக்கு இருக்காது. அவளை அந்தச் சீட்டிலிருந்து எழுப்பிவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அம்மாவும் அப்பாவும் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக அவிநாசிபாளையம் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் ரத்தினசாமி இருந்தார். உள்ளூர்க்காரர்.

"வாங்க அம்மிணி. ஊருக்குப் போகலீங்களா?"

"நான் போயிட்டா இதை யாருங்கண்ணா பார்க்கறது?"

"அதுஞ் செரிதானுங்க. மெயின இறக்கி வச்சிருக்கறேன். உள்ள கரண்டு வராதுங்க. உங்க பொட்டிக்கு மட்டும் பேட்டரி ஓடுது." சாவியைக் கொடுத்தார். கையை உடனே எடுக்கவில்லை. "பொழுதுக்குள்ள வந்துருங்க அம்மிணி."

பொம்பளைப் பிள்ளை என்றால் இந்த அறிவுரை இல்லாமல் ஒரு கேட்டையும் தாண்ட முடியாது. எரிச்சலோடு உள்ளே போனேன்.

அவர் எதற்குச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நெட்வொர்க் ரூமில் லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்கிரீனில் மூன்று பட்டைகள். வீரபாண்டி, லோடு இரண்டு சதவீதம். காங்கேயம் ரோடு, இரண்டு சதவீதம். சரி. ஆள் இல்லாத இடத்தில் அவ்வளவுதான் இருக்கும்.

அவிநாசிபாளையம்... அறுபத்தொன்று.

சோதனையை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். எல்லாம் ஒரே ஸ்விட்ச்சிலிருந்து. நாலாவது லைன். அதிலும் கேபிள் சொருகுகிற ஒரே ஒரு வாசல். பதினெட்டு. வந்த தகவலைப் பிரித்துப் பார்த்தேன். டேப்பிலிருந்து வருகிற வழக்கமான தகவல். 'ஒரு பீஸ் முடிந்தது.' கொஞ்சம் இடைவெளி. 'ஒரு பீஸ் முடிந்தது.' அதே இடைவெளி. கைதேர்ந்த டெய்லர் தைக்கிற வேகம்.

ஒவ்வொன்றும் சின்னத் தகவல்தான். ஆனால் ஒன்றுக்கும் பதில் போகவில்லை. பதில் கிடைக்காத கேள்விகள் வரிசையில் குவிந்து கிடந்தன. கம்பெனி பூட்டிய அன்று சாயங்காலத்திலிருந்து குவிந்திருந்தன.

என் விதி வேலை செய்திருக்க வேண்டும். செய்தும் இருந்தது. அவிநாசிபாளையம் மற்ற இரண்டையும் கேட்டிருந்தது. ரெண்டு தடவை. மறுபடி ரெண்டு தடவை. நாள் கணக்காக. வீரபாண்டியும் காங்கேயம் ரோடும் உயிரோடுதான் இருந்தன. சும்மாதான் இருந்தன. ஆனால் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்காத மாதிரி இருந்தன.

மோகன்ராஜுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன்.

"டேப்பு ஏதாச்சும் ஆன்ல கெடக்குதுங்களா?"

"கரண்டே இல்லைங்க."

"அப்ப கேபிள் கோளாறுங்க. போயிப் புடுங்கி உட்டுருங்க. நான் மாமனார் ஊட்டுல பந்தில உக்காந்திருக்கறேன்."

வைத்துவிட்டான்.

லேப்டாப்பையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு தையல் ஹாலுக்குப் போனேன். மணி ஐந்து ஆகியிருந்தது. வெளியே ஐப்பசித் தூறல். கூரைத் தகட்டில் விழுந்த வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. மிஷின்கள் எல்லாம் துணி போர்த்தி வரிசையாக நின்றன. லீவுக்கு முன்னால் கழுவித் துடைத்த தரை.

அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டூலில் அவளுடைய பழைய சேலையை மடித்துக் கட்டியிருந்தாள். லேப்டாப்பை மிஷின் டேபிளில் வைத்தேன்.

பக்கத்தில் பதினெட்டு.

அந்த மிஷினுக்கு டேப்பே இல்லை.

கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். கேபிள் மட்டும் டேபிள் ஓரத்தில் தொங்கியது. நுனி வெறுமையாக இருந்தது. எதிலும் சொருகியிருக்கவில்லை.

ஸ்கிரீனைப் பார்த்தேன். 'ஒரு பீஸ் முடிந்தது.'

குனிந்து கேபிள் எங்கே போகிறது என்று பார்த்தேன். அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. பதினெட்டாம் சீட்டுக்குக் கீழே மட்டும் நூல் பிசிறு. வெள்ளைப் பிசிறு. புதுசு. ஹாலில் வேறு எங்கும் ஒரு நூல்கூட இல்லை.

மிஷினின் உறையைத் தூக்கினேன். ஊசியில் நூல் கோத்திருந்தது.

எலி இழுத்து வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலி ஊசியில் நூல் கோக்குமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தூணில் மாட்டியிருந்த ஸ்விட்ச்சிடம் போனேன். பதினெட்டாம் வாசலில் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கினேன்.

கையில் கேபிள். திரும்பி வந்து ஸ்கிரீனைப் பார்த்தேன்.

'ஒரு பீஸ் முடிந்தது.'

எழுபத்தெட்டு. எண்பத்து நாலு.

மறுபடி உட்கார்ந்தேன். படித்த பெண் இல்லையா. பயப்படுவதற்கு முன்னால் யோசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்விட்ச்சில் கோளாறு. மென்பொருளில் பிழை. பழைய தகவல் திரும்பத் திரும்ப வருகிறது. இடது கையை டேபிளில் ஊன்றிக்கொண்டு வரிசையாகப் படித்தேன். வலது கையில் ஸ்குரூ டிரைவர்.

தொண்ணூறு.

தொண்ணூற்று மூன்று.

தூறல் நின்றிருந்தது.

மணி ஐந்தரை.

இடது உள்ளங்கையில் ஏதோ அதிர்ந்தது.

ரெண்டு தடவை.

படித்துக்கொண்டே இருந்தேன்...

டக் டக்.

இப்போது காதிலும் கேட்டது. வலது பக்கம். கைக்கு எட்டும் தூரம்.

அவசரம் இல்லாத தட்டு. ரொம்ப நேரமாகத் தட்டிக் களைத்துப்போன தட்டு.

என் கண் ஸ்கிரீனில்தான் இருந்தது. மனசு நம்பர்களில்தான் இருந்தது.

கை...

கை, ஸ்குரூ டிரைவரால் டேபிளில் ஒரு தட்டு தட்டியது.

டக்.

ஸ்கிரீனில் அவிநாசிபாளையம் சரிந்தது. தொண்ணூறு. நாற்பது. இரண்டு.

'அப்பாடா' என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம்தான் பார்த்தேன். நாலாவது லைன் ஸ்விட்ச் கை மாறியிருந்தது. வீரபாண்டிக்குப் போகவில்லை. காங்கேயம் ரோட்டுக்கும் போகவில்லை.

ஸ்கிரீனில் நாலாவதாக ஒரு பட்டை.

என் லேப்டாப். புரோகிராம் எழுதிப் பார்ப்பதற்காக அதில் ஒரு கன்ட்ரோலர் வைத்திருந்தேன். மற்ற மூன்றோடு அதை நான் சேர்க்கவே இல்லை.

லோடு, நூறு.

நான் யாருக்குப் பதில் தட்டினேன்?

திரும்பவில்லை. வலது பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு பண்டலை டேபிளில் வைத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

துணி உரசுகிற சத்தம்.

என்னை நோக்கி...

லேப்டாப்பை மூடினேன். எழுந்தேன். ஓடினேன். என் ஞாபகத்தில் இருப்பது அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஹால் கதவைத் தாண்டினால் வெளியே இருட்டு. கேட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்போனில் மணி ஆறு தாண்டியிருந்தது.

அரை மணி நேரம்.

"முடிச்சுட்டீங்களா அம்மிணி?" ரத்தினசாமி ஸ்டூலிலிருந்து எழுந்தார். முகத்தைப் பார்த்தால் உள்ளே வரத் தயங்கி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"ம்."

"நீங்க தைப்பீங்கன்னு தெரியாதுங்க."

"நான் தைக்கலீங்கண்ணா. கம்ப்யூட்டர் பார்த்தேன்."

"மிசின் ஓடுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுதுங்க. ஒச்சம்மாளாட்டவே. நிறுத்தாத ஒரே ஓட்டம்."

"கரண்டு இல்லையேங்கண்ணா. நீங்கதான இறக்கி வச்சீங்க?"

அவர் என் தலையைக் காட்டினார்.

தொட்டுப் பார்த்தேன். முடியெல்லாம் பிசிறு. தோளில், துப்பட்டாவில், மடியில்... வெள்ளைப் பிசிறு. வலது கை ஆட்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு. பல தடவை இழுத்தால் வருகிற கோடு. அம்மாவின் விரலில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஓவர்லாக் ஓட்டத் தெரியாது.

அதற்கப்புறம் சோதனை சரியாக வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். மறுநாள் டவுன் ஆபீசிலிருந்தே ஓட்டினேன். மூன்று கன்ட்ரோலரும் ஒன்றுக்கொன்று கேட்டன. ஒன்றுக்கொன்று பதில் சொல்லின. அழகாகக் கை மாறின. கோவாவிலிருந்து சசிகுமார் கட்டை விரல் படம் அனுப்பினார். என்னை நிரந்தரம் செய்தார்கள். லேப்டாப்பிலிருந்த கன்ட்ரோலரை அழித்துவிட்டேன்.

கம்பெனி திறந்த அன்று அம்மா வேலைக்குப் போனாள். போகாதே என்று சண்டை போட்டேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. அம்மா இறங்கி வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்னம்மா?"

"இன்னைக்குத் தட்டலத்தா."

"யாரு?"

"பிரிசில்லா."

"எந்த பிரிசில்லா?"

"பதினெட்டுல இருந்தா. ஒன்கிட்ட சொன்னதில்ல. சொன்னா நீ படிச்ச படிப்பே கசந்து போயிரும்னு சொல்லல."

அப்புறம் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வீங்கின மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கோயமுத்தூர்ல பட்டம் வாங்குனேல்ல, அன்னைக்கு நான் லீவு. ஷிப்மென்ட் டயம். சூப்பர்வைசரு லீவு தர மாட்டேன்னான். எம் புள்ள பட்டம் வாங்குறா, பாத்தே தீருவேன்னு வந்துட்டேன். எம் பண்டலு அம்புட்டையும் எடுத்து அவ டேபிள்ல போட்டிருக்கான். அவதான் வேகமாத் தைப்பா. அவளுக்கு அன்னைக்குக் காச்ச வேற."

"அப்புறம்?"

"காலையில இருந்து தட்டியிருக்கா. ரெண்டு தட்டு, ரெண்டு தட்டுன்னு. பதில் தட்டுறதுக்குப் பக்கத்துல நான் இல்ல. மத்தவளுகளுக்கும் கழுத்து வரைக்கும் வேலை. தலையக் குனிஞ்சுக்கிட்டாளுக. சாயங்காலம் தலைய மிசின்ல வச்சுப் படுத்திருந்தாளாம். அசதியில தூங்குறான்னு நெனச்சிருக்காங்க. அஞ்சரைக்கு எல்லாரும் எந்திரிச்சாங்க. அவ எந்திரிக்கல."

அம்மா மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"மறுநா நான் போயி உக்காந்தேன். அஞ்சரை ஆச்சு. டேபிள்ல தட்டுச்சு. ரெண்டு தட்டு. நான் ஒரு தட்டுத் தட்டுனேன். வேற என்னத்தா செய்யச் சொல்ற? அது அவ வேலை இல்ல. எம் வேலை. நான் விட்டுட்டு வந்த பண்டலு. அன்னையில இருந்து நெதமும் அரை மணி நேரம் தைப்பேன். என்னத்தத் தைக்கிறேன்னு தெரியாது. எந்திரிக்கும்போது தலையெல்லாம் பிசிறா இருக்கும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பல நாளாகத் தூக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்த முகம்.

"லீவுல பத்து நா யாரும் பதில் தட்டலையேன்னு ஊருல எனக்குத் தூக்கமே இல்ல. இன்னைக்குப் போனா சத்தமே காணோம். ஏழு மணி வரைக்கும் உக்காந்திருப்போம்னுதான் போனேன். ரத்தினசாமி, 'போயிட்டு வாங்க ஒச்சம்மா, இனி வராதுங்க'ன்னுட்டாரு. பாவம், போயிச் சேந்துட்டா போல. ஏத்தா ஜோதி, நான் இனி வேலைய விட்டுரவா?"

இரண்டு வருஷமாக நான் சண்டை போட்டுக் கேட்டது அதுதான்.

"விட்டுரும்மா" என்றேன்.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறாள். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிகளோடு உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். சிரிக்கிறாள்.

நான்தான் தினமும் அரை மணி நேரம் தாமதமாக வருகிறேன்.

"என்னத்தா, இம்புட்டு நேரம்?"

"கொஞ்சம் வேலை மிச்சம் இருந்துச்சும்மா."

எங்கள் ஆபீஸ் டவுனில், மூன்றாவது மாடி. ஏசி. கண்ணாடிக் கதவு. அங்கே ஒரு முழம் பனியன் துணி கிடையாது. ஆனால் மோகன்ராஜ் போன வாரம் கேட்டான்.

"ஏனுங்க ஜோதி, பார்ட் டைமா பவர் டேபிள்ல தைக்கப் போறீங்களாட்ட? தலையெல்லாம் பஞ்சு."

சிரித்துவைத்தேன்.

ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். காய்ச்சல். கட்டிலில் படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. மணி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

டக் டக்.

கட்டில் சட்டத்தில்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். காய்ச்சலில் இருக்கிறேன். என்னால் முடியாது. இன்றைக்கு ஒரு நாள்...

டக் டக்.

கத்திச் சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தேன். அம்மா நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியைத் திருப்பிப் பிடித்திருந்தாள். பிடி கீழ்ப்பக்கம். கை மெல்ல மேலே போனது.

யோசித்துத் தூக்கிய கை இல்லை அது. பழகின கை.

யார் முதலில் பதில் சொல்கிறதோ, அதனிடம் போகும். எழுதியது நான்தான்.

விரல் முட்டியால் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தோல் கிழிந்தது.

அம்மாவின் கை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. கொசு."

அவள் மறுபடி வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

அதற்கப்புறம் நான் லீவு போடுவதில்லை.